பத்தாம் பிரபுவின் முகம்

"பன்னித் தலைமேல கால வச்சிருக்கிற ஆளு மேல நான் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லி, விருத்தாம்பாள் கையிலிருந்த ஸ்பாஞ்சைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தென்றலுக்குக் கை கால் ஓடவில்லை. அச்சிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த முதலாம் எல்டர்மோர் பிரபு, ஈரம் காயாத களிமண் உடம்போடு, ஒரு காட்டுப்பன்றியின் தலையை மிதித்தபடி மேசைமேல் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, இது இங்கிலாந்துப் பன்னிக்கா."

"எந்த ஊர்ப் பன்னியா இருந்தா என்ன? நான் தெனம் ஸ்ரீமுஷ்ணத்துலேர்ந்து பஸ் ஏறி வரேன். ஏறும்போது பூவராகசாமியக் கும்புட்டுட்டு ஏறுறேன். இங்க வந்து அவரு தலையில ஒருத்தன் பூட்ஸ் காலை வைக்கிறதுக்கு நான் பாலிஷ் போடணுமா?"

அந்தப் பெயிண்டிங் ரூமில் இருந்த மற்ற மூன்று பெண்களும் ஸ்பாஞ்சைக் கீழே வைத்தார்கள். அவர்களும் ஸ்ரீமுஷ்ணம் பஸ்தான்.

விருத்தாசலத்தில் பொம்மை செய்கிற கம்பெனிகளில் கோதண்டபாணியின் கம்பெனி பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. கொலு சீசனில் தசாவதாரம் செட், செட்டியார் பொம்மை. மற்ற நாளில் அகல் விளக்கு. போன மாதம் கோதண்டபாணி பெயிண்டிங் ரூமை டேப் வைத்து அளந்தார். அந்த இடத்தில் ஃபியூஸ் கட்டை போடும் மிஷினை இறக்கினால் லாபம் என்று முடிவு செய்தார். நான்கு பெண்களுக்கும் வேலை போகும். பொம்மைக்கு மாதிரி செய்து கொடுக்கும் தென்றலுக்கும்தான். ஃபியூஸ் கட்டைக்கு யார் மாதிரி செய்யச் சொல்லப் போகிறார்கள்?

அந்த நேரத்தில்தான் அந்த மெயில் வந்தது. மேலே தங்க நிறத்தில் ஒரு பன்றித் தலை. கீழே ஆங்கிலத்தில், எல்டர்மோர் எஸ்டேட். பட்டத்தை வழிவழியாக வகித்த பத்துப் பிரபுக்களையும் பொம்மைகளாகச் செய்து தர வேண்டும். ஒவ்வொருவர் காலடியிலும் அவர் வரலாற்றைச் சொல்லும் ஒரு சின்ன அட்டை வேண்டும். கூடவே பதினான்கு பக்கத்துக்கு வம்ச வரலாறு. ஒன்பது பேரின் படங்களும் இருந்தன. பத்தாமவருக்கு மட்டும், 'முகமும் நிறமும் பிறகு தெரிவிக்கப்படும்' என்று ஒரே ஒரு வரி.

"லண்டன் பார்ட்டி!" என்றார் கோதண்டபாணி, நாற்காலியை விட்டு எழுந்து. "யாருக்குய்யா இந்தப் பிரபு சமாசாரமெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் தென்றல். "வெளிநாட்டு நாவல் நூறு படிச்சிருக்கேன்."

நூறும் தமிழ் மொழிபெயர்ப்பு என்பதை அவள் சொல்லவில்லை. ஆனால் பொய்யும் சொல்லவில்லை. நூலகத்தில் அவள் எடுக்காத மொழிபெயர்ப்பு நாவல் கிடையாது. சித்திரை வெயிலில் ஜங்ஷன் ரோட்டில் சைக்கிள் மிதிக்கும்போதுகூட அவள் மனத்துக்குள் பனிமூட்டம் இருக்கும். கணப்பு எரியும் ஒரு நீண்ட கூடத்தில், பெயர் தெரியாத யாரோ ஒருவர் உயிலைப் படித்துக்கொண்டிருப்பார்.

"இந்த ஆர்டர் நல்லபடியா முடிஞ்சா ரூம் இருக்கட்டும்" என்றார் கோதண்டபாணி. "சொதப்பினா அடுத்த வாரமே மிஷினு வந்துடும். வர்ற திங்கக்கிழமை பிரபுவே நேர்ல வர்றாராம். அவரோட செக்ரட்டரி இங்கிலீஷ்ல பேசுனாரு. நானும் இங்கிலீஷ்லயே எஸ்ஸுன்னு சொல்லிட்டேன்."

இதுதான் நிலவரம். இப்போது விருத்தாம்பாள் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

"அக்கா, வரலாற்றைக் கேளுங்க. ஆயிரத்து அறுநூத்துப் பன்னெண்டுல ராஜா வேட்டைக்குப் போறாரு. பன்னி ஒண்ணு பாயுது. இந்த ராபர்ட்டு ஈட்டியால குத்திக் கொன்னு ராஜாவைக் காப்பாத்துறாரு. அதுக்குத்தான் அவருக்கு இந்தப் பட்டம். பன்னியக் கொல்லலைன்னா பிரபுவே கிடையாதுக்கா."

"அப்போ இல்லாமலே இருக்கட்டும்."

வாசலில் பீடியை அணைத்துக்கொண்டே சூளைக்காரர் நல்லமுத்து எட்டிப் பார்த்தார். "அந்தப் பன்னிய மட்டும் அறுத்து எடுத்துடேன், பாப்பா. மண்ணு பச்சையாத்தான இருக்குது."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தென்றல் மெல்லிய கம்பியால் பன்றித் தலையை அறுத்து எடுத்தாள். பிரபுவின் இடது கால் அந்தரத்தில் நின்றது. வலது கை ஈட்டியோடு மேலே போயிருந்தது. இடுப்பு கொஞ்சம் வளைந்திருந்தது.

நல்லமுத்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"சிதம்பரத்துக்கு அனுப்பிடலாம்" என்றார் நல்லமுத்து.

"பிரபு நாட்டியம் ஆடக்கூடாதுண்ணே. நானூறு வருஷப் பரம்பரை."

"அப்ப உக்கார வையி."

உட்காரும் அச்சு எதுவும் பிரபுவின் உயரத்துக்குச் சரிப்படவில்லை. ஒன்றுதான் பொருந்தியது: கருடாழ்வார். இறக்கைகளை அறுத்தார்கள், மூக்கை நேராக்கினார்கள், கிரீடத்தை எடுத்துவிட்டுத் தொப்பி வைத்தார்கள். முதலாம் எல்டர்மோர் பிரபு ஒரு முழங்காலை ஊன்றிக் கை கூப்பி அமர்ந்தார்.

"யாரைக் கும்புடுறாரு?" என்று கேட்டாள் விருத்தாம்பாள்.

யாரையும் கும்பிடாமல் ஒருவர் சும்மா கை கூப்பிக்கொண்டிருந்தால் பைத்தியம் மாதிரி இருக்கிறது. வேறு வழியில்லாமல், தசாவதாரம் செட்டின் அச்சில் ஒரு வராகரை வார்த்து எதிரே நிறுத்தினார்கள். சங்கு சக்கரத்தைத் தென்றலே தன் கையால் சுரண்டி எடுத்தாள். அபய ஹஸ்தத்தை மட்டும் எடுக்க விருத்தாம்பாள் விடவில்லை.

"அது இருக்கட்டும். அவரு ராஜாவுக்கும் சேத்து ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போறாரு."

அன்று மாலை தென்றல் முதல் அட்டையைத் திருத்தி எழுதினாள். 'காட்டுப்பன்றி அரசரை நோக்கிப் பாய்ந்தது. ராபர்ட் ஈட்டியை வீசி எறிந்துவிட்டு அதன்முன் மண்டியிட்டார். பன்றி சாந்தமாகித் திரும்பிச் சென்றது. வியந்த அரசர் அவருக்குப் பட்டமளித்தார்.' அகராதியைப் புரட்டி அதை ஆங்கிலத்தில் எழுதினாள். யாரோ ஒருவருடைய தாத்தாவின் வீரத்தை ஒரு மாலைப்பொழுதில் அழித்துவிட்டோமே என்றிருந்தது. ஆனால் பக்கத்து மேசையில் நான்கு ஸ்பாஞ்சுகளும் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன.

வேலை செய்தபடியே மற்றவர்களின் கதையையும் அவள் சொன்னாள். இரண்டாமவர் மாளிகை கட்டினார். மூன்றாமவர் உள்நாட்டுப் போரில் தோற்கிற கட்சியில் சேர்ந்து தலையை இழந்தார். நான்காமவர் கப்பல் தலைவர். ஐந்தாமவர் சீட்டாட்டத்தில் காட்டைத் தோற்றார். ஆறாமவர் நாற்பது நாய் வளர்த்தார்.

"பட்டம் மூத்த பையனுக்கு மட்டும்தான் போகும்ணே. அடுத்த பையனுக்கு ஒண்ணும் கிடையாது."

"ஒண்ணுமே கிடையாதா? கேஸு போட மாட்டான்?" நல்லமுத்துவுக்கு இது பொறுக்கவில்லை. "கருவேப்பிலங்குறிச்சியில எங்க அரைக்காணிக்கே பதினோரு வருஷமா கேஸு நடக்குது."

"பொண்ணுக்கு?" என்றாள் விருத்தாம்பாள்.

"பொண்ணுக்கும் கிடையாதுக்கா."

"நல்ல பரம்பரை போ" என்று அவள் ஏழாமவரின் மீசையைக் கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள்.

பொம்மைகள் வெள்ளிக்கிழமை சூளை ஏறின. சனிக்கிழமை காலையில் திறந்தார்கள். நல்லமுத்து உள்ளே தலையை நீட்டினார். நீட்டிய தலையை அவர் வெளியே எடுக்கவே இல்லை.

"என்னண்ணே?"

"நாலாவது பிரபு வெடிச்சுட்டாரு பாப்பா."

பொம்மையின் அடியில், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகப் போவதற்கு ஊசியால் ஒரு துளை போடுவார்கள். பன்றிச் சண்டை நடந்த அன்று நான்காமவருக்குத் துளை போட எல்லோரும் மறந்துவிட்டார்கள். கப்பல் தலைவர் சூளைத் தரையில் நூறு துண்டுகளாகக் கிடந்தார்.

"போவும்போது மூணாவது ஆளோட தலையையும் எடுத்துட்டுப் போயிட்டாரு."

தென்றலின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. "மூணாவது ஆளுக்குத்தானே? பரவால்லண்ணே, அவருக்கு வரலாற்றுப்படியே தலை போனதுதான்."

உருண்டு கிடந்த தலையைத் தேடி எடுத்துப் பசை போட்டு அவர் உள்ளங்கையிலேயே ஒட்டினாள். மூன்றாம் பிரபு தன் தலையைத் தானே, சந்தையில் தேங்காய் வாங்கப் போனவர் மாதிரி, எடை பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் நான்காமவர்?

புதிதாக வார்த்து, காயவைத்து, சுட நான்கு நாளாவது வேண்டும். இருப்பதோ இரண்டு நாள். மூன்றுக்கு அடுத்து ஐந்து என்று விட்டுவிட முடியாது. அப்பாவே இல்லாமல் ஐந்தாம் பிரபு எப்படிப் பிறப்பார்? நானூறு வருடம் எங்கும் அறுந்து போகாத சங்கிலியை விருத்தாசலத்துச் சூளை ஒன்று அறுத்துவிட்டது.

"குடோன்ல சுட்ட பொம்மை ஏதாச்சும் இருக்குதா பாரு" என்றாள் விருத்தாம்பாள்.

குடோனில் பெயிண்ட் அடிக்காத பொம்மை ஒன்றே ஒன்று இருந்தது. செட்டியார். தொந்தியும் சிரிப்புமாக, முன்னால் அரிசி பருப்புக் குவியல்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், அதே பலகையில், அவர் மனைவி.

"அந்தம்மாவை அறுத்துடலாமா?"

"சுட்ட மண்ண எங்கேர்ந்து அறுக்குறது? அவரும் சேந்து உடைஞ்சுருவாரு" என்றார் நல்லமுத்து.

செட்டியாருக்கு வெற்று மார்பின்மேல் நீலக் கோட்டு வரைந்தார்கள். தலையில் கப்பல் தொப்பி. கன்னத்துக்கு ரோஸ். அரிசிக் குவியலுக்கு வெள்ளை நுரை தீட்டிக் கடல் அலை ஆக்கினார்கள். பருப்புக் குவியல் தீவானது. மற்ற பிரபுக்களைவிட அவர் ஒன்றரை மடங்கு பெரிதாக இருந்தார். அதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தம்மாவுக்கும் கவுன் வரைந்துவிடலாம் என்று தென்றல் தூரிகையை எடுத்தபோது, விருத்தாம்பாள் அதற்குள் அரக்குச் சேலையும் மூக்குத்தியும் போட்டு முடித்திருந்தாள்.

"அக்கா! அவங்க பிரபுவோட மனைவிக்கா!"

"அதுக்கு? கொசுவம் அச்சுலயே இருக்குது. கொசுவம் வச்ச கவுன எவ கட்டுவா?"

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தென்றல் நான்காம் அட்டையோடு போராடினாள். கடைசியில் அவள் படித்த நூறு நாவல்களும் சேர்ந்து கைகொடுத்தன. 'நான்காம் பிரபுவின் கப்பல் புயலில் சிக்கிப் பரங்கிப்பேட்டையில் ஒதுங்கியது. அங்கே காய்ச்சலில் கிடந்த அவரைக் காப்பாற்றிய தமிழ்ப் பெண்ணை அவர் மணந்தார். எல்டர்மோர் வம்சம் அன்றிலிருந்து அவள் வயிற்றுப் பிள்ளைகளின் வழி வந்தது.' எழுதி முடித்ததும் அவளுக்கே கண் கலங்கியது. பிறகுதான் பயம் வந்தது. ஒரு இங்கிலாந்துப் பிரபுவின் பரம்பரையில், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கொள்ளுப்பாட்டி ஒருத்தியைச் சேர்த்திருக்கிறாள். அந்த ஊரில் இதற்கு என்ன தண்டனை என்று தெரியவில்லை. மூன்றாமவருக்கு என்ன ஆனது என்று தெரியும்.

திங்கட்கிழமை கோதண்டபாணி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் மாவிலைத் தோரணம், மேசைமேல் ரோஜா மாலை. வெள்ளைக்காரர் காரம் தாங்க மாட்டார் என்று மிக்சருக்குப் பதில் ரொட்டி வாங்கி வைத்திருந்தார்கள். பத்துப் பிரபுக்களும் வரிசையாக நின்றார்கள். பத்தாமவர் முகத்துக்கு மட்டும் இன்னும் வர்ணம் இல்லை. வெள்ளை மாவு பூசியது போல வெறுமையாக இருந்தார். போட்டோ வந்தவுடன் தீட்டிவிடலாம் என்று விருத்தாம்பாள் ரோஸ் கலந்து கிண்ணத்தில் வைத்திருந்தாள்.

பதினோரு மணிக்கு ஒரு வெள்ளை இன்னோவா வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து, வெள்ளைச் சட்டையும் நெற்றியில் சின்னத் திருமண்ணுமாக, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார். கோதண்டபாணி மாலையோடு அவரைத் தாண்டி ஓடிப் பின்கதவுக்கு முன்னால் நின்றார். பின்கதவு திறக்கவில்லை. டிரைவர் மட்டும் இறங்கிச் சோம்பல் முறித்தார்.

"நான் ஆதிநாராயணன். பண்ருட்டி. அந்த எல்டர்மோர் ஆர்டரு..." என்று வந்தவர் கூச்சத்தோடு ஆரம்பித்தார். "நான்தான்..."

"ஏஜென்ட்டு சார்! தெரியுது, தெரியுது. உள்ள வாங்க. பிரபு தனியா வர்றாரா? டிராஃபிக்கா?"

அவர் வாயைத் திறந்தார், மாலையைப் பார்த்தார், மூடிக்கொண்டார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

முதல் பொம்மையின் முன்னால் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

தென்றலுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "சார், தப்பு பண்ணிட்டேன் சார். ராபர்ட்டு பன்னியக் கொல்லல. நான்தான் மாத்திட்டேன். எங்க அக்காங்க ஸ்ரீமுஷ்ணத்துக்காரங்க, பன்னிய மிதிக்கக் கூடாதுன்னுட்டாங்க. பிரபு வந்து கேட்டார்னா நீங்கதான் சார் எடுத்துச் சொல்லணும்."

ஆதிநாராயணன் மெதுவாகக் கை கூப்பினார். பொம்மையைப் பார்த்தா, வராகரைப் பார்த்தா என்று தெரியவில்லை.

"எங்களுக்கும் பூவராகசாமிதாம்மா குலதெய்வம்" என்றார். "மெயில்ல இருந்த, சாமி தலைய மிதிக்கிற அந்தப் படத்தப் பாத்துட்டு எங்கம்மா ரெண்டு நாளா சாப்புடல. இனிமே சாப்புடுவாங்க."

ஏஜென்ட் வேலையில் இவ்வளவு பக்தியா என்று தென்றல் வியந்தாள். அவர் அடுத்த பொம்மைகளுக்கு நகர்ந்தார். தலையைக் கையில் வைத்திருந்தவரைப் பார்த்து, "பாவம்" என்றார். நான்காமவர் முன்னால் குனிந்து அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார்.

"பரங்கிப்பேட்டையா?"

"கற்பனைதான் சார். சூளையில வெடிச்சுட்டாரு சார். வேற பொம்மை இல்ல. அந்தம்மாவ நான் வேணும்னு சேக்கல..."

"தமிழ்ப் பொண்ணு" என்றார் ஆதிநாராயணன். "அவங்க வயித்துப் புள்ளைங்க வழியா வந்த வம்சம்."

"அழிச்சுடட்டுமா சார்?"

"அழிக்கிறதா!" அவர் பதறிப்போய் அட்டையைக் கையால் மறைத்தார். "இத கண்ணாடி போட்டுக் குடும்மா. பெரிய எழுத்துல. எல்லாரும் கேக்குறாங்க, எப்படி, எப்படின்னு. நான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம ஒரு வருஷமா கல்யாணம் காட்சிக்குப் போறதில்ல. கோதண்டபாணி சார், வர்ற தையில எங்க வூட்டுல கல்யாணம். வர்றவங்களுக்கெல்லாம் தாம்பூலத்தோட இந்த நாலாவது ஜோடி ஒண்ணு கொடுக்கணும். ஐநூறு செஞ்சு குடுங்க. இதே கையிதான் பெயிண்ட் அடிக்கணும்."

கோதண்டபாணி டேப்பை எடுத்துப் பெயிண்டிங் ரூமை மறுபடி அளந்தார். இந்த முறை, இன்னும் இரண்டு மேசை போட இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. விருத்தாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தம்மாவுக்கு நான் அப்பவே சேலைதான்னு சொன்னேன்ல" என்றாள்.

ஆதிநாராயணன் எல்லோரிடமும், "போயிட்டு வரேங்க, போயிட்டு வரேன்" என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு வாசலுக்குப் போனார். மாலை மேசைமேல் வாடிக்கொண்டிருந்தது. கோதண்டபாணி அதன்மேல் தண்ணீர் தெளித்துவிட்டுச் சாலையை எட்டிப் பார்த்தார். தென்றலுக்கு இப்போது கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. ஏஜென்ட் நம் பக்கம். பிரபு எவ்வளவு கோபக்காரராக இருந்தாலும் சமாளித்துவிடலாம்.

டிரைவர் உள்ளே வந்து, யாரும் தொடாத ரொட்டியில் ஒன்றை எடுத்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பிரபு எப்ப வருவாரு?" என்று கேட்டாள் தென்றல்.

"சீக்கிரம் வரச் சொல்லுப்பா, இந்தப் பத்தாவது ஆளு மூஞ்சிக்குக் கலந்து வச்ச ரோஸு காயுது" என்றாள் விருத்தாம்பாள்.

டிரைவர் ரொட்டியை விழுங்கிவிட்டு வாசல் பக்கம் கையைக் காட்டினார். "ரோஸைக் கொட்டிட்டு மாநிறமா கலக்குங்கக்கா, பிரபு அதோ செருப்பு மாட்டிட்டு நிக்குறாரு, போன வருஷம் ஆடித் தள்ளுபடியில ஆன்லைன்ல அந்தப் பட்டத்த வாங்குனாரு, இந்த ஒம்போது தாத்தாவும் அதுகூட ஃப்ரீயா வந்தாங்க."